புல்லுப்பிட்டியில் சிவப்பு ஆகாது

இன்று காலை நான் சந்தித்த சிவாஜினி அக்கா, என் பெயரைக் கேட்பதற்கு முன்பே என்னிடம் சொன்ன முதல் வசனம்: "தம்பி, அந்த ரீசேட்டைக் கழட்டுங்கோ!"

மலையில் ஏறத் தொடங்கியிருந்தவர், ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று அப்படியே திரும்பி நின்று கத்தினார். பின்னால் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. என்னிடம்தான். "கெதியாக் கழட்டுங்கோ! சிவப்பைக் கண்டா அங்க வலையை விட்டிடுவாங்கள்!"

கழற்றினேன். ஏன் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை, அப்படியொரு குரல். தோளில் தொங்கிய உரப்பையிலிருந்து ஒரு நீலச் சேட்டை எடுத்து என்னிடம் எறிந்தார். என்னைப்போல இரண்டு பேர் அதற்குள் நுழையலாம். மீன் மணம் ஏற்கெனவே நுழைந்திருந்தது. என் சிவப்பு ரீசேட்டைச் சுருட்டிப் பையின் அடியில் திணித்து, அதன்மேல் தேத்தண்ணிப் போத்தலை வைத்து, பையின் வாயை முடிச்சுப் போட்டார். "இப்ப வாங்கோ. இப்ப நீங்கள் நல்ல பிள்ளை."

நான் குச்சவெளி பஸ்ஸில் வந்து இறங்கியது சும்மா ஒரு மலை ஏறத்தான். பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். திருகோணமலைக்காரருக்கு மலை என்றால் சுவாமிமலை. கோயில், செங்குத்துப் பாறை, கீழே தலைசுற்றும் ஆழம். புல்லுப்பிட்டி அப்படியில்லை. வீதிக்கும் கடலுக்கும் நடுவில் பூமி ஒருமுறை மூச்சை இழுத்துப் பிடித்த மாதிரி ஒரு மேடு. அடி முதல் உச்சி வரை புல். பெயர்ப்பலகை இல்லை, டிக்கெட் இல்லை, கச்சான் கடலை விற்கிறவர்கூட இல்லை. ஆனால் அதன் உச்சியில் இந்த அக்கா ஒரு சிவப்புத் துணியைச் சுழற்றினால், கீழே கரை முழுவதும் ஓடும்!

அக்காவின் வேலை மீன் பார்ப்பது. மலைக்குக் கீழே கனகரத்தினம் சம்மாட்டியின் கரைவலை. சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரர். வள்ளம் போய் வலையை அரைவட்டமாக விட்டு வரும், கரையில் நிற்பவர்கள் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். மீன் எங்கே வருகிறது என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது. மேலே நின்றால் தெரியும். தண்ணீருக்குள் யாரோ ஒரு கறுப்புப் பாயை விரித்து இழுத்துக்கொண்டு போவதுபோல மீன்கூட்டம் நகரும். அதைக் கண்டு சொல்ல ஒரு ஆள் வேண்டும். முந்தி இந்த மலையில் அக்காவுக்கு இருந்த ஒரே வேலை ஆட்டைத் தேடுவது. ஒருநாள் ஆட்டைத் தேடி ஏறியவர் மீனைக் கண்டு, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து ஆட்டியிருக்கிறார். அன்றைக்குக் கூடை போதவில்லையாம். அன்றிலிருந்து இதுதான் வேலை.

துணிக்கென்று ஒரு மொழி இருக்கிறது. இடக்கையில் நீட்டினால் வள்ளம் வடக்கே போக வேண்டும். வலக்கை என்றால் தெற்கே. தலைக்குமேல் சுழற்றினால் வலையை விடு. அக்கா உட்கார்ந்துவிட்டால், பொறு. இந்தக் கடைசி விதியால் அவர் உச்சியில் உட்காரவே முடியாது. காலைச் சாப்பாட்டுப் பணிஸையும் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறார். "ஒருக்காக் காலில முள்ளுக் குத்திக் குந்தி இருந்திட்டன் தம்பி. நான் முள்ளைப் பிடுங்கி முடிக்குமட்டும் அவங்கள் கடலுக்க துடுப்பைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவங்கள். பாவங்கள்."

"போனில சொல்லலாமே அக்கா?" என்று கேட்டேன்.

"போனில சொன்னா எங்கட மனுசன், எங்க? எந்தப் பக்கம்? என்ன மீன்? எண்டு கதைச்சுக்கொண்டே இருப்பார். துணியோட கதைக்க ஏலாது." அவருடைய மனுசன் வினோதன், வள்ளத்தில் முதல் துடுப்பு. நான் போட்டிருந்த சேட்டின் சொந்தக்காரர். "வீட்டில நான் சொல்லி ஒண்டும் கேக்காத ஆள், மலையில ஏறிச் சொன்னாக் கேக்குது!"

போன வாரம்தான் எல்லாம் குழம்பியது. இரவு மழை பெய்து, காலையில் புல் நனைந்து கிடந்தது. அக்கா உச்சியில் காலை வைத்ததும் புல்லுக்குள்ளிருந்து மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் எழும்பின. மலை இதழ் இதழாகக் கழன்று பறந்த மாதிரி இருந்ததாம். "பூச்சியெல்லாம் எழும்பிச்சுது தம்பி. நானும் எழும்பிப்போட்டன்." கைகளை விரித்துச் சுற்றிச் சுற்றி ஆடியிருக்கிறார். கையில் சிவப்புத் துணி.

கீழே வலை இறங்கிவிட்டது.

எல்லாரும் சேர்ந்து இழுத்து, வலையின் பைபோன்ற மடியைத் திறந்து பார்த்தால் பேருக்குக்கூட ஒரு மீன் இல்லை. அத்தனையும் சொறிமுட்டை. கண்ணாடிக் குடைபோல மிதக்குமே, தொட்ட இடம் தடித்துப்போகுமே, அதேதான். கரை முழுவதும் சொறிந்துகொண்டே வீட்டுக்குப் போனது. சம்மாட்டி கதிரையில் முதுகைத் தேய்த்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "இனி ஒருக்கா மீனில்லாமத் துணி சுத்தினா, சிவாஜினி கீழ நிண்டு கயிறு இழுக்கட்டும். மலைக்கு யதுர்சன் போகட்டும்."

யதுர்சன் சம்மாட்டியின் மருமகன். "அவனுக்குக் கட்டிலில ஏறினாலே மூச்சு வாங்கும்," என்றார் அக்கா.

கயிறு இழுத்தால் பங்கு குறையுமா என்று கேட்டேன்.

"பங்கு ஒண்டுதான். கயிறு இழுத்தாலும் கிடைக்கும்." பையைத் தோளில் ஏற்றினார். "மலை கிடைக்காது, தம்பி."

அப்போதே கீழேயிருந்து யதுர்சனின் குரல் வந்தது: "மாமி! இண்டைக்கு மீனோ, டான்ஸோ?"

"நீ கயிற்றைப் பிடியடா! சொறிஞ்சது காணாதோ உனக்கு?"

கரையே சிரித்தது. நாங்கள் ஏறினோம்.

அக்கா செருப்பைக் கழற்றி அடிவாரத்தில் ஒரு காரைப் பற்றையின் முள்ளில் மாட்டிவிட்டு ஏறுகிறவர். அதுவும் நேராக அல்ல, நண்டு மாதிரிப் பக்கவாட்டில், இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம். "நேர ஏறினா மலை எங்களில ஏறும்." நான் நேராக ஏறினேன். மலை என்னில் ஏறியது. காய்ந்து பொன்னாகிய புல் முழங்கால் வரை உரசியது. மடிப்புகளில் மட்டும் மழையின் மிச்சம்போலப் பச்சை. ஒட்டுப்புல் விதைகள் என் காற்சட்டையில் வரிசையாக ஏறிக்கொண்டன, அவற்றுக்கும் உச்சிக்குப் போக வேண்டுமாக்கும். தொட்டாச்சுருங்கி படர்ந்த இடத்தில் அக்கா பெருவிரலால் ஒவ்வொரு செடியையும் தொட்டு, "குட் மோர்னிங், குட் மோர்னிங்," என்றபடி போனார். அவை மரியாதையாகக் கூம்பின.

ஒரு ஆட்காட்டிக் குருவி எங்கள் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. ஆள் வருகிறது, ஆள் வருகிறது என்று ஊருக்கே அறிவிக்கிற குருவி. "நான்தானடி!" என்று அக்கா அதைவிடப் பெரிதாகக் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "அவளுக்கும் என்ர வேலைதான். ஆனா அவள் பிழையாக் கத்தினா ஒருத்தரும் கயிறு இழுக்கச் சொல்லுறதில்லை," என்றார்.

பாதிக்குமேல் ஒரு விளிம்பு. அதற்கப்பால் வானம் மட்டும் தெரிந்தது. "வந்திட்டம்!" என்று அக்கா கை தட்டினார். நானும் மூச்சிரைக்க ஓடி ஏறினேன். அங்கே நின்றால், அதே அளவு மலை இன்னும் மேலே இருக்கிறது. அக்கா வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். அந்த இடத்தின் பெயர் பொய்யுச்சியாம். முதல்முறை வருகிற எல்லாரையும் அதில் ஏமாற்றியிருக்கிறார், சம்மாட்டி உட்பட.

பிறகு உண்மையான உச்சி. ஐயோ, எப்படிச் சொல்ல! கடல் ஒரு பக்கத்தில் இல்லை, மூன்று பக்கத்தில் இருந்தது. கச்சான் என்கிற மேல்காற்று தரையிலிருந்து சூடாக வந்து முதுகில் கை வைத்துத் தள்ளியது. தெற்கே தொலைவில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்கள் விளையாட்டுச் சாமான்போல நின்றன. பின்னால் பனைகள், வயல், கடல்நீர் தேங்கும் களப்பின் ஒரு துண்டு வெள்ளி. புல் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கடலைக் காட்டியது. நானும் வாய்விட்டுக் கத்திவிட்டேன். "கத்துங்கோ, கத்துங்கோ," என்றார் அக்கா. "கத்தினா ஒண்டுமில்லை. கையை மட்டும் ஆட்டாதேங்கோ."

உச்சிக் கல்லில் ஏற்கெனவே ஒருவர் நின்றார். அக்காவின் கிடாய். பெயர் எம்பி. "ஏன் அந்தப் பேர்?" "வேலை ஒண்டும் செய்யாது. உயரத்தில நிண்டு எல்லாரையும் பாத்துக்கொண்டு மெல்லும்."

அக்கா பையை அவிழ்த்துத் தேத்தண்ணியை எடுத்து எனக்கு ஊற்றி, தனக்கு ஒரு பணிஸை எடுத்துக்கொண்டார். சிவப்புத் துணி அவர் இடுப்பில், மடித்து, சேலைத் தலைப்புக்குள் மறைத்துச் செருகியிருந்தது. கீழே வள்ளம் கரைக்குக் கிட்ட ஆடிக்கொண்டு காத்திருந்தது. வானத்தில் துண்டு துண்டாக மேகம். ஒவ்வொரு மேகமும் கடலில் ஒரு கறுப்பு நிழலைப் போட்டு இழுத்துக்கொண்டு போனது. அதுதான் சிக்கல். மேலேயிருந்து பார்த்தால் மேகத்தின் நிழலும் மீனும் ஒரே கறுப்பு.

"நிழலெண்டா காத்தோட வெளிய போகும். மீனெண்டா காத்தைப் பாக்காது, தன்ர பாட்டில வரும்," என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பணிஸ் கையில் அப்படியே நின்றது. வடக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு. மற்றக் கறுப்புகளெல்லாம் வெளியே போக, அது மட்டும் உள்ளே வருகிற மாதிரி.

"தம்பி, உங்களுக்கு என்ன தெரியுது?"

"கறுப்பாத் தெரியுது."

"எனக்கும் அதுதான் தெரியுது!"

நாங்கள் இருவரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பையை யாரும் பார்க்கவில்லை. எம்பி பார்த்தது.

திரும்பியபோது என் ரீசேட்டின் கழுத்து எம்பியின் கொம்பில் மாட்டியிருந்தது. உச்சிக் கல்லின் மேல், கச்சான் காற்றில், ரீசேட் கொடியாகப் பறந்தது. எம்பி தலையை உலுப்பியது. சிவப்பு இடமும் வலமும் மேலும் கீழுமாகச் சுழன்றது.

"ஐயோ, எம்பீ!" அக்கா பாய்ந்தார். கிடாயைக் கட்டிப்பிடித்து, ரீசேட்டைப் பிடுங்கி, தன் மடியில் அமுக்கிக்கொண்டு தொப்பென்று விழுந்தார். விழுந்தவர் உட்கார்ந்திருந்தார்.

கீழே பார்த்தேன். சிவப்பைக் கண்டு புறப்பட்ட வள்ளம், அக்கா உட்கார்ந்ததைக் கண்டு துடுப்புகளைத் தூக்கிக்கொண்டு நின்றது. கரையில் சிரிப்பு, விசில். பிறகு எல்லாம் அடங்கியது. சம்மாட்டி கதிரையை விட்டு எழும்பி, இடுப்பில் கை வைத்து, மலையை அண்ணாந்து பார்த்தார்.

அக்கா எழும்பினார். ரீசேட்டை என்னிடம் தந்தார். "இதுக்கு மேல படுங்கோ. நான் சொல்லுமட்டும் எழும்பாதேங்கோ."

குப்புறப் படுத்தேன். எறும்புகள் வந்து யாரென்று விசாரித்தன. புல்லின் தண்டுகளுக்கு ஊடாகக் கடல் கோடு கோடாகத் தெரிந்தது. பக்கத்தில் அக்காவின் வெறுங்கால்கள். விரல்கள் புல்லை இறுக்கிப் பிடித்திருந்தன.

"நிக்குது தம்பி," என்றார் மெல்லமாக. "நிழலும் நிக்காது, மீனும் நிக்காது. இது என்ன சனியன்?"

கறுப்பு உண்மையிலேயே நின்றுவிட்டிருந்தது. வெளியேயும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. பேசாமல் நின்றால் அக்காவுக்கு மலை மிஞ்சும். ஆட்டின் பிழை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். காணாத மீனுக்கு யாரும் குறை சொல்லப் போவதில்லை. சுழற்றி, அது மீனில்லாமல் போனால், நாளைக்கு இந்தப் புல்லில் யதுர்சனின் கால்.

"சும்மா விடுங்கோ அக்கா," என்றேன். "பிறகு பாக்கலாம்."

"கண்டிட்டுச் சும்மா விடுறதெண்டா, நான் ஏன் தம்பி இங்க நிக்கிறன்?"

துணியை இடுப்பிலிருந்து உருவினார். போன வாரம் ஆடியவர் இவர்தான் என்று யாரும் நம்ப மாட்டார்கள். உடம்பு தூண் மாதிரி நின்றது. முதலில் இடக்கை நீண்டது. வள்ளம் கொஞ்சம் யோசித்தது. பிறகு முதல் துடுப்பு தண்ணீரில் விழுந்தது. "என்ர மனுசன்," என்றார், உதடு மட்டும் அசைய. வள்ளம் வடக்கே போய்க் கறுப்பைத் தாண்டியதும், கை தலைக்குமேல் போனது. மணிக்கட்டு மட்டும் சுழன்றது. ஒரு வட்டம், இன்னொரு வட்டம். வலை விழத் தொடங்கியது.

வள்ளம் வளைந்து கரைக்குத் திரும்பி, கயிறு கரையில் நிற்பவர்களின் கைக்குப் போனதும், அக்கா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். பனைகளையும் களப்பையும் பார்த்தபடி, "நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. என்னால ஏலாது," என்றார்.

ஆக, இன்று கொஞ்ச நேரம் புல்லுப்பிட்டியில் மீன் பார்த்தவன் நான், குப்புறப் படுத்தபடி!

"இழுக்கிறாங்கள் அக்கா. எல்லாரும் பின்னால சாயுறாங்கள். பாரம் போல."

"சொறிமுட்டையும் பாரம்தான்."

"ஆலாக் குருவியெல்லாம் வருது. வலைக்கு மேல சுத்துது."

"அதுகளுக்கு வேற வேலை இல்லை."

"சம்மாட்டி கதிரையில இல்லை. அவரும் கயிற்றைப் பிடிச்சிட்டார்."

வெயில் ஏறியது. இரண்டு கயிறும் மெல்ல மெல்லக் கிட்ட வந்தன. வலையின் மடி கரையோரத்துக்கு வந்ததும், தண்ணீர் திடீரென்று கொதித்தது. வெள்ளியாகக் கொதித்தது! ஆட்கள் கூடைகளோடு கடலுக்குள் ஓடினார்கள். யதுர்சன் ஓடிய வேகத்தில் விழுந்து, எழும்பி, மறுபடி விழுந்தான். துள்ளுகிற மீனை யாரோ தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்கள். அகலமான வெள்ளி உடம்பு, பாரை!

"அக்கா! பாரை! வலை நிறையப் பாரை!"

அவர் இன்னும் திரும்பவில்லை. "சம்மாட்டி என்ன செய்யுறார்?"

சம்மாட்டி இடுப்பளவு தண்ணீரில் நின்று, தோளில் கிடந்த சால்வையை எடுத்து, எங்கள் மலையைப் பார்த்துத் தலைக்குமேல் சுழற்றினார். சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"சுத்துறார் அக்கா. சால்வையைச் சுத்துறார்!"

"ஏனாம்? இன்னொரு வலை விடட்டாமோ?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினார். கண்ணில் தண்ணீர் இருந்தது. காற்று என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் செய்ததை நான் படுத்தபடியே பார்த்தேன். சிவப்புத் துணியை நான்காக மடித்தார். உச்சிக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தட்டைக் கல்லைப் புரட்டி, துணியை அடியில் வைத்து, கல்லை மூடினார். அதன்மேல் இன்னொரு கல். குனிந்து, சிவப்பு விளிம்பு எங்காவது தெரிகிறதா என்று சுற்றிப் பார்த்தார். எம்பியை ஒரு முறை முறைத்தார். "நீங்கள் எழும்பாதேங்கோ," என்றார் என்னிடம். எல்லாம் சரி என்றானதும், வெறுங்கைகள் இரண்டையும் அகல விரித்து, காற்றுக்குள் சுற்றத் தொடங்கினார்.

போய்ப் பாருங்கள். குச்சவெளி பஸ்ஸில் ஏறி, கடல் பக்கமாகப் புல் மேடு ஒன்று வந்ததும் இறங்குங்கள். போக ஆசைப்படுகிற நண்பர்களுக்கும் இதை அனுப்புங்கள். மறந்து சிவப்பு உடுத்திப் போனாலும் பயமில்லை. நீலச் சேட் அக்காவின் பையில் இருக்கிறது.